மூன்று மணி நேரப் பஞ்சர்

எனக்குப் பஞ்சர் பிடிக்கும். இதைச் சைக்கிள்காரர்கள் காதுபடச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனாலும் உண்மை அதுதான். ஒரு வருஷம் முழுக்க, ஞாயிறு தவறாமல் என்னைக் காப்பாற்றியது பஞ்சர் ஒன்றுதான். அப்பேர்ப்பட்ட உபகாரியை நானே ஒழித்துக்கட்டினேன். அந்த வருத்தத்தை யாரிடமாவது சொல்லி அழ வேண்டும். மனைவியிடம் சொல்ல முடியாது. அவளுக்கு எல்லாம் தெரியும்.

பிச்சுமணி அண்ணா என் பெரியப்பா பிள்ளை. வானிலை ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். போன வருஷம் மன்னி தவறிப்போனாள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்து எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தபோது, எனக்குள் எங்கிருந்தோ ஒரு பெருந்தன்மை கிளம்பிவிட்டது.

"அண்ணா, இனிமே ஞாயித்துக்கிழமை எல்லாம் உங்களுக்கு நம்மாத்துலதான் சாப்பாடு!" என்றேன்.

பந்தியே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது. ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மனைவி ஜெயலக்ஷ்மி மட்டும் எதையும் துடைத்துக்கொள்ளவில்லை. பாயசத்தைக்கூட.

ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு, கரமனையில் எங்கள் வீட்டு வாசலில் அண்ணா செருப்பைக் கழற்றுவார். ஒரு மணிக்கு மாட்டிக்கொள்வார். நடுவில் மூன்று மணி நேரம் மழை. ஆமாம், மழை. அவருடைய சர்வீசில் பெய்த மழை. ஞாயிற்றுக்கு ஒரு வருஷம்; பெரிய மழையாக இருந்தால் இரண்டு ஞாயிறு. ஜூன் மாச இடவப்பாதி மழை எந்தத் தேதி ஆரம்பித்தது, ஐப்பசியில் வரும் துலா மழை எத்தனை மில்லிமீட்டர், மேலதிகாரி எந்தத் தேதியைத் தப்பாகக் குறித்தார், அண்ணா அதை எப்படித் திருத்தினார். எந்த வருஷத்து மழையும் ஒரு மணிக்கு முன்னால் விட்டதே இல்லை.

முதல் ஞாயிறு முழுசாக நனைந்தேன். இரண்டாவது ஞாயிறு என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஆயிற்று.

சைக்கிள் என்றால் காய்கறி வாங்கப் போகிற சைக்கிள் இல்லை. ரோடு பைக். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து வயிறு வளர்த்த பாவத்துக்குப் பரிகாரமாக வாங்கியது. விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினால் நெடுமங்காடு, விதுரா வழியாக ஏழரைக்குக் கல்லாறு போய்விடலாம். அங்கிருந்துதான் பொன்முடி ஏற்றம். மற்றவர்கள் ஏறுவார்கள். நான் பத்மஜா சேச்சியின் கடையில் புட்டும் கடலைக் கறியும் சாப்பிட்டுவிட்டு, ஆற்றுப் பாறை ஒன்றில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொள்வேன். ஒருத்தரும் என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாரத்தில் எனக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

நியாயமாக எட்டுக்குக் கிளம்பினால் பத்துக்கெல்லாம் வீடு வந்துவிடலாம். அங்கேதான் பஞ்சர் குறுக்கிடும்.

"ஜெயா, பஞ்சர் ஆயிடுத்து. வர ஒரு மணியாகும்."

"ஐயோ பாவம். மெள்ள வாங்கோ."

ஒரு பஞ்சருக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும் என்று அவளை நம்ப வைத்திருந்தேன். நிஜத்தில் டியூப் மாற்ற எனக்குப் பதினோரு நிமிஷம் போதும். ஜெயா தலைமைச் செயலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். எந்த ஃபைலில் எங்கே ஓட்டை என்று அட்டையைத் தொட்டே சொல்லிவிடுவாள் என்று ஆபீசில் பேர். அப்படிப்பட்டவள் என் பஞ்சரை மட்டும் வாராவாரம் கேள்வியே கேட்காமல் எப்படிப் பாஸ் பண்ணினாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

என் பிறந்தநாள் வந்தது.

"உங்களுக்கு ஒரு சமாசாரம் வாங்கியிருக்கேன், கேட்டேளா?" என்றாள் ஜெயா. "வாராவாரம் வெயில்ல நின்னு பஞ்சர் ஒட்டிக் கருத்தே போயிட்டேள். ஆபீஸ்ல ஷிபா இல்லையா, அவ ஆத்துக்காரன் பிபின் சைக்கிள் கடை வெச்சிருக்கானாக்கும். டியூபே இல்லாத டயர் வந்திருக்காமே?"

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "அதெல்லாம் என் சக்கரத்துக்குச் சேராது."

"சேரும். நீங்க தூங்கறப்போ போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டாச்சு."

சனிக்கிழமை சாயங்காலம் பிபின் டயர், பாட்டில், காற்றடிக்கும் மெஷின் சகிதம் வந்து இறங்கினான். பழைய டியூபை உருவி எறிந்தான். புது டயரை மாட்டினான். காற்றை அழுத்தி விட்டதும் 'டப் டப்' என்று டயர் வளையத்தில் போய் உட்கார்ந்தது. பிறகு பாட்டிலைத் திறந்தான்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் சைக்கிளைப் பற்றி ஒருத்தர் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அது ஒரு வியாதி.

"இதென்ன, பால் மாதிரி இருக்கு?" என்றாள் ஜெயா.

"சீலன்ட். முக்கால்வாசி ரப்பர் பால்தான். வால்வு வழியா உள்ள விட்டுச் சக்கரத்தைச் சுத்தினா டயர் பூரா பரவிக்கும்."

"முள்ளு குத்தினா?"

"குத்தின இடத்துக்குப் பால் ஓடி வந்து உறைஞ்சு அடைச்சுடும். இறங்கக்கூட வேண்டாம். ஓட்டிண்டே போலாம்."

"கண்ணாடித் துண்டு?"

"அடைச்சுடும்."

"சின்ன ஆணி?"

"அடைச்சுடும்!"

"இந்தப் பால் காஞ்சு போயிட்டா?"

"நம்மூர் சூட்டுக்கு ரெண்டு மாசம் தாங்கும். அப்பறம் கொஞ்சம் விட்டுண்டா போறும்."

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா நான் ஞாபகப்படுத்தறேன். ஆகக்கூடி இனிமே பஞ்சர் ஆகாதுங்கறேள்."

"ஆகவே ஆகாது! பஞ்சர்ங்கற பேச்சே இனிமே இந்தாத்துல கிடையாது!"

பிபின் கைதட்டினான். என் குரல் என் காதில் விழுந்து, புத்திக்கு எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜெயா என் சைக்கிள் பையிலிருந்த உபரி டியூப் இரண்டையும் எடுத்துப் பரணில் போட்டாள்.

"இனிமே எதுக்கு இந்தச் சுமை? நாளைக்குப் பத்து மணிக்கு அண்ணாவோட நீங்களும் சேர்ந்தே சாப்பிடலாம்."

அடுத்த நாள் சாப்பிட்டேன். இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்து மழை. அதற்கடுத்த ஞாயிறு இரண்டாயிரத்து ஏழு. அதில் இடவப்பாதி மட்டும்தான் முடிந்தது. மீதி அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டு அண்ணா செருப்பை மாட்டினார். வாசலில் அவரை வழியனுப்பிவிட்டு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எப்படியாவது பஞ்சர் ஆக வேண்டும். சும்மா சொன்னால் போதாது, போட்டோவோடு ஆக வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு கல்லாற்றில் இறங்கியதும் பத்மஜா சேச்சியிடம் ஓர் ஊக்கு வாங்கினேன். டயரில் குத்தி எடுத்தேன். 'உஸ்' என்றது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், வெள்ளையாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. சத்தம் நின்றுவிட்டது.

கடைக்குப் பின்னால் கிடந்த பலகையிலிருந்து ஓர் ஆணியைக் கழற்றினேன். கல்லால் அடித்து இறக்கிப் பிடுங்கினேன். சர்ரென்று பால் பீய்ச்சி என் மூக்கு, மீசை, புதுச் சட்டை எல்லாவற்றையும் நனைத்தது. டயரைத் தவிர எல்லாவற்றுக்கும் சேதம். அது பாட்டுக்கு அடைத்துக்கொண்டு கல் மாதிரி நின்றது.

"எந்தா சாரே, பால் கறக்குவாணோ?" என்றாள் பத்மஜா சேச்சி.

நான் ஜெயாவிடம் விளக்கிய ஒவ்வொரு வார்த்தையும் என் கண்ணெதிரே பலித்துக்கொண்டிருந்தது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நான் அவளிடம் சொன்ன எதுவும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை.

கடைசியில் அன்னாசி நறுக்குகிற கத்தியைக் கேட்டு வாங்கினேன். டயரின் பக்கவாட்டில் தோல் மெல்லிசு. அங்கே ஓர் அங்குலம் கிழிந்தால் எந்தச் சீலன்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஜெயா முள்ளைக் கேட்டாள், ஆணியைக் கேட்டாள், பக்கவாட்டைக் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. பால் முழுக்க மண்ணில் ஓடி, டயர் சப்பென்று படுத்தது. மனசு ஒரு மாதிரி ஆயிற்று. அவள் ஆசையாக வாங்கிக் கொடுத்த டயர் அல்லவா? ஆனாலும் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"ஐயோ, என்ன இது! இவ்வளவு பெரிசா?"

"அதான் பாரேன். என்னதான் சீலன்ட் போட்டாலும் இதெல்லாம் நம்ம கையிலயா இருக்கு? வர ஒரு மணியாயிடும்."

"எப்படி வருவேள்? டியூப்தான் பரண்ல இருக்கே."

ஒரு வருஷமாகப் பொய்ப் பஞ்சரோடு பழகியவனுக்கு, நிஜப் பஞ்சரானால் சைக்கிள் ஓடாது என்பது மறந்தே போய்விட்டது.

"நீங்க அங்கேயே இருங்கோ. நான் காரை எடுத்துண்டு வரேன்."

"வேண்டாம் ஜெயா, உனக்கு எதுக்குச் சிரமம்? அண்ணா வேற வருவா..."

"அண்ணாவையும் வழியில ஏத்திண்டே வரேன். சேவை ரெடியா இருக்கு. அங்கேயே சாப்பிட்டுக்கலாம்."

பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. முன் கதவைத் திறந்துகொண்டு பிச்சுமணி அண்ணா இறங்கினார். நாலாபுறமும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எடா ஹரி! கல்லாறு! ரெண்டாயிரத்தேழு துலா மழையில இந்த ஆறு எவ்வளவு ஏறித்து தெரியுமோ? வா, இப்படி உக்காரு!"

ஜெயா சைக்கிள் பக்கத்தில் குனிந்தாள். கிழிசலின் ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு முறை தடவினாள். என் மீசையில் காய்ந்திருந்த வெள்ளையைப் பார்த்தாள். கடைப் பலகையில் பால் ஒட்டிக் கிடந்த கத்தியைப் பார்த்தாள்.

"நன்னாத்தான் குத்தியிருக்கு முள்ளு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிண்டிருங்கோ. நான் சித்த நேரம் காலை நனைச்சுண்டு வரேன்."

அண்ணா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அக்டோபர் மூன்றாம் தேதியிலிருந்து ஆரம்பித்தார். நான் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். ஜெயா ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. கைகள் மடியில் சும்மா கிடந்தன. அவள் கைகள் சும்மா கிடந்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று! ஆபீஸ், அடுப்பு, ஞாயிறானால் அண்ணா. அழைத்தவன் நான். ஒரு வருஷம் உட்கார்ந்து கேட்டவள் அவள். எனக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அண்ணா சேவையில் கை வைத்த நேரம் பார்த்து எழுந்து போனேன்.

"ஜெயா, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தப் பஞ்சர் எல்லாம்..."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"முதல் பஞ்சர்லேர்ந்து. மூணு மணி நேரம் சக்கரத்தோட மல்லுக்கட்டினவர் நகத்துல ஒரு பொட்டு கரி இல்லை."

"அப்பறம் ஏன் நீ கேக்கலை?"

"கேட்டா வேற பொய் கண்டுபிடிப்பேள். இது பழகின பொய், இருந்துட்டுப் போட்டும்னு விட்டேன்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அண்ணா வரது எனக்குச் சங்கடமே இல்லை. பாவம், தனி ஆளு. ஆனா எனக்கும் இப்படி ஒரு பாறை வேணும்னு உங்களுக்கு ஒரு நாளாவது தோணித்தா?"

தோன்றவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில் மறுபடியும் எனக்குள் அந்தப் பழைய பெருந்தன்மை கிளம்பிவிட்டது.

"இனிமே ஞாயித்துக்கிழமை அண்ணா என் பொறுப்பு! நீ காரை எடுத்துண்டு எங்க வேணும்னாலும் போயிட்டு வா. நான் நம்மாத்தை விட்டு நகர மாட்டேன்." பிறகு கொஞ்சம் புத்தி வந்தது. "புது டயர் வர வரைக்கும்."

"டயர் வர வரைக்கும்தானே?"

"ஆமாம். அது வரைக்கும் சத்தியமா."

"அண்ணா, கேட்டேளா?" என்று அவள் கரைப் பக்கம் குரல் கொடுத்தாள். அண்ணா சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்துத் தேதியே குறித்துக்கொண்டுவிட்டார்.

டயர் பெங்களூரிலிருந்து வர வேண்டும், இரண்டு வாரமாகும் என்று ஜெயாவே பிபினிடம் விசாரித்துச் சொன்னாள். இரண்டு வாரம்தானே? அதற்குள் இரண்டாயிரத்து எட்டையும் ஒன்பதையும் கேட்டு முடித்துவிடலாம். முதல் ஞாயிறு அவள் ஏழு மணிக்குக் கல்லாற்றுக்குக் கிளம்பினாள். நான் அண்ணாவுக்கு அடை வார்த்தேன். இரண்டாவது ஞாயிறு உப்புமா. மூன்றாவது ஞாயிறு அண்ணாவே என்னிடம், "எடா, தாளிப்பு இப்போ பரவாயில்லை," என்றார். நான்கு, ஐந்து. ஜெயாவுக்கு முகமெல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது. எனக்குத்தான் சுருதி இறங்கிக்கொண்டே போனது. அவளிடம் கேட்டால், "வரும், வரும்," என்றாள்.

ஆறாவது வாரம் பொறுக்க முடியாமல், ஆபீசிலிருந்து வருகிற வழியில் பிபின் கடையில் போய் நின்றேன்.

"என்ன பிபின், அந்த டயர் இன்னும் வரலையா?"

பிபின் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அது வந்நிட்டு மூணு வாரம் ஆயல்லோ சாரே! இங்கேயே இருக்கட்டும், சாருக்குத் தெரிய வேண்டான்னு ஜெயா சேச்சியாக்கும் சொன்னது."