கண்ணை மூடிச் சொன்ன ஆமென்

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து நாலாம் வருஷம், சனவரி மாதத்து முதல் ஞாயிறு. கோயிலால் வந்த தவராசா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. விறாந்தையின் நடுவில் நின்று ஒரு பிரகடனம் செய்தார்.

“இஞ்சேரும்! இந்த வருஷம் எங்கட குடும்பம் ஆவிக்குரிய வளர்ச்சி அடையவேணும்.”

அவரோடு கோயிலுக்குப் போய், அவரோடு திரும்பி, அதற்குள் சீலையும் மாற்றிக் குசினியில் தேங்காய் திருவத் தொடங்கிவிட்ட இன்பமலர் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“எவ்வளவு உயரத்துக்கு?”

இதுதான் தவராசாவின் வாழ்க்கையில் இருந்த ஒரே சிலுவை. மனைவி சொன்னதைச் செய்வாள். ஆனால் ஒரு கேள்வியோடு செய்வாள்.

தவராசா திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் கிளாக்கர். வெள்ளைக்காரத் துரைமாருக்குக் கீழே பதினாறு வருஷ வேலை. ஒரு நாளைக்கு நாற்பது தரம் “யெஸ் சேர்” சொல்லுவார். சைக்கிள் மிதித்து உப்புவெளி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, தனக்கும் யாராவது ஒரு தரம் அப்படிச் சொல்லமாட்டார்களா என்று அவருக்கு நெடுநாள் ஆசை. இன்பமலர் சொல்லவில்லை. மகள் மாகிரட்டுக்குப் பதின்மூன்று வயதாகிறது. அவளும் தாயைப் பார்த்துப் பழகிவிட்டாள்.

அன்றைக்குக் கோயிலில் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் பேசினார். வீடு என்பது ஆண்டவர் நடத்துகிற பள்ளிக்கூடம். கருகின சோறும் உடைந்த சட்டியும்கூட அங்கே பாடங்கள் என்றார். தவராசாவுக்கு மெய் சிலிர்த்தது. பள்ளிக்கூடம் என்றால் வாத்தியார் வேண்டும், மாணவி வேண்டும். இதில் யார் வாத்தியார், யார் மாணவி என்பதில் அவருக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

ஆவிக்குரிய வளர்ச்சிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் விறாந்தையில் சொல்லவில்லை.

பக்கத்து மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் ரீச்சர் கலியாணம் முடித்துப் போய்விட்டா. தலைமை ரீச்சர், “நீங்கள் வாறீங்களா?” என்று இன்பமலருக்குச் சொல்லியனுப்பியிருந்தா. கலியாணத்துக்கு முன் போர்டிங்கில் இருந்து தையல் படித்தவள் இன்பமலர். உப்புவெளியில் பாதிப் பிள்ளைகளின் ஞானஸ்நானச் சட்டை அவள் கை வேலை. அந்த அழைப்பு வந்த நாளில் அவள் தையல் மெசினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்ததை மாகிரட் கண்டாள்.

புருஷனிடம் நாலு தரம் கேட்டாள். நாலு தரமும் தவராசா, “யோசிப்பம்” என்றார்.

யோசிக்க ஒன்றுமில்லை. வேலையால் வரும்போது வீட்டில் ஆள் இருக்கவேண்டும். டொக்யாட்டில் ஒருத்தன், “தவராசாவின்ர மனுசியும் உழைக்குது” என்று சொல்லக்கூடாது. அவ்வளவுதான். ஆனால் ஏலாது என்று முகத்துக்கு நேரே சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. சொன்னால், “ஏன்?” என்பாள். அந்த ஏனுக்கு அவரிடம் மறுமொழி இல்லை.

செபத்தில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கண்ணை மூடினால் வாயையும் மூடவேண்டும். தவராசா இதைக் கண்டுபிடித்த நேரம் தன் மூளையை நினைத்துத் தானே வியந்தார்.

திங்கட்கிழமை விடிய ஐந்தரைக்கு மூன்று பேரும் பாயில் முழங்காலில் நின்றார்கள். தவராசா குரலைக் கனப்படுத்திக்கொண்டார்.

“ஆண்டவரே! நேற்று மத்தியானக் கறியில் உப்புக் கூடிப்போனதை நீர் அறிவீர்.”

“அறிவன்” என்றாள் இன்பமலர்.

தவராசா ஒரு கண்ணைத் திறந்தார். மனைவியையும் “நீர்” என்றுதான் கூப்பிடுகிறவர். “உம்மை இல்லை, ஆண்டவரைச் சொன்னனான்!”

“ஓ, மன்னியுங்கோ. எனக்கெண்டு நினைச்சிட்டன்.”

“ஆண்டவரே, கறியிலே அளவறிந்து உப்புப் போடுகிற ஞானத்தை இந்த வீட்டுக்குத் தாரும். காணாமற்போன என்ர கால்மேசு கண்டுபிடிக்கப்படக் கிருபை செய்யும். நீலச் சேட்டுக்கு இன்னும் பொத்தான் தைக்கப்படவில்லை என்பதையும் உம்முடைய பாதத்தில் வைக்கிறேன். ஆமென்.”

அன்று பின்னேரம் நீலச் சேட்டில் பொத்தான் இருந்தது. மேசு ஜோடியாகக் கட்டிலில் கிடந்தது. கலியாணமான நாள் தொட்டு இப்படி ஒரு அற்புதம் அவர் கண்டதில்லை. ஒரு கிழமை முழுக்கத் தவராசா விசுவாசத்தில் வளர்ந்தார். ஆண்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னால் ஆண்டவரைவிடக் கெதியாய் இன்பமலருக்குக் கேட்டது.

ஒரு கிழமை வெற்றி மனிசனைக் கெடுத்துப்போடும். அடுத்த திங்கள் விடிய அவர் துணிந்துவிட்டார்.

“ஆண்டவரே, சில பெண்களுக்கு வீட்டை விட்டு வெளியே போய் ரீச்சர் வேலை பார்க்க ஆசை வருகிறது. அந்த ஆசையை நீர் மெதுவாக அடக்கியருளும். ஆமென்.”

இன்பமலர் ஆமென் சொல்லவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, நானும் ஒரு வார்த்தை செபிக்கலாமோ?”

தவராசாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. பாடம் பலித்துவிட்டது! “தாராளமாச் செபியும்.”

“அன்பின் ஆண்டவரே, எங்கட வீட்டில ஒரு மனுசர் இருக்கிறார். நல்லவர். அவருக்குத் தன்ர மேசு எங்கை கிடக்குதெண்டு தெரியாது. ஆனால் என்ர ஆசை எங்கை கிடக்கவேணுமெண்டு நல்லாத் தெரியுது. அவருக்கு வெளிச்சம் தாரும்.”

“ஆண்டவரே!” என்று தவராசா அவசரமாகக் குறுக்கே விழுந்தார். “எதிர்க்கதை கதைக்கிற நாவைக் காத்துக்கொள்ளும்!”

“ஆண்டவரே, கதைச்சது ஆரெண்டு உமக்குத் தெரியும். நான் செபம்தான் பண்ணுறன்.”

“ஆண்டவரே, புருஷன் குடும்பத்துக்குத் தலை!”

“ஓம் ஆண்டவரே. அந்தத் தலையில எண்ணெய் தேய்ச்சு விடுறதும் நான்தான். வழுக்கை விழுறதை இவ்வளவு நாளும் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல.”

“ஆண்டவரே, இது செபமா, சண்டையா?”

“ஆண்டவரே, எனக்குப் பஸ் போகப்போகுது. ஆமென்!” என்று மாகிரட் எழும்பி ஓடினாள்.

கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் பரீனாவின் வீடு. அவளும் விடியத் தொழுகைக்கு எழும்புகிறவள். தவராசா சைக்கிளை வெளியே எடுக்க, வேலிக்கு மேலால் அவள் தலை தெரிந்தது.

“ஐயா, வழுக்கைக்கு எங்கட வாப்பா கருஞ்சீரக எண்ணெய் பூசுறவர். கொஞ்சம் தரட்டா?”

பரீனாவின் கணவர் அபூதாஹிர் டொக்யாட்டில் ஸ்டோர் கீப்பர். பத்து மணித் தேத்தண்ணிக்கு முன் மூன்று பேர் தவராசாவின் தலையை உற்றுப் பார்த்தார்கள். நாலாவது ஆள் துரை.

இப்படியே பத்து நாள். அவர் ஒரு வார்த்தை செபித்தால் அவள் நாலு வார்த்தை செபித்தாள். குறட்டை, ஈரத் துவாயைக் கட்டிலில் போடுவது, கலியாண நாளை மறந்தது, எல்லாம் ஒவ்வொன்றாய் ஆண்டவர் சந்நிதிக்கும் வேலிக்கு அந்தப் பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. தவராசா செபத்தைச் சுருக்கினார். பிறகு மௌன செபம் என்றார். மௌனத்தில் இன்பமலர் பெருமூச்சு விட்டாள். அதுவும் அபூதாஹிருக்கு எட்டியது.

கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, தவராசாவுக்குப் புது யோசனை ஒன்று பிறந்தது. வீட்டில் ஒரு செபக்கூட்டம். போதகரைக் கூப்பிடுவது. பத்துச் சனத்துக்கு முன்னால், போதகருக்கு முன்னால், இவள் வாய் திறப்பாளா?

“சனிக்கிழமைக்குக் கூட்டம் வைக்கப்போறன். போதகர் ஐயாவைக் கண்டு சொல்லிப்போட்டு வாறன்” என்று சைக்கிளில் ஏறினார்.

“நல்லது. நான் இறைச்சி அடைச்சு ரோல்ஸ் சுடுறன்” என்றாள் இன்பமலர்.

அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதில் தவராசாவுக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ரோல்ஸ் என்ற சொல் அவரை மயக்கிவிட்டது.

போதகரிடம் தனியாக ஒரு விண்ணப்பமும் வைத்தார். “ஐயா, மனைவிமாரின்ர அடக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாப் பேசுங்கோ. எங்கட பகுதிச் சனத்துக்கு அது தேவை.” போதகர் நல்ல மனிசர். தேவை என்றால் நம்புகிறவர். யாரையாவது மெச்சினால் அடுத்த கூட்டத்தில் அவரையே பேசவும் வைத்துவிடுவார். இரண்டு தாளில் எழுதிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை நாலு மணி. விறாந்தை நிறையச் சனம். சுங்கத்தில் வேலை செய்கிற சோமசேகரம் குடும்பத்தோடு வந்து முன் கதிரையைப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிந்தது. போதகர் தாளை விரித்தார். தவராசா கால்மேல் கால் போட்டுச் சாய்ந்தார்.

“ஐயா,” இன்பமலர் எழும்பினாள். “பிரசங்கத்துக்கு முந்தி ஒரு சின்ன ஸ்தோத்திர செபம் செய்யட்டோ?”

“செய்யுங்கோ அம்மா.”

எல்லாக் கண்களும் மூடின. தவராசாவின் முதுகு நிமிர்ந்தது.

“அன்பின் பரம பிதாவே, என்ர அவருக்காக உமக்கு ஸ்தோத்திரம்.”

“ஆமென்” என்றது சபை.

“விடிய எழும்பி எங்களுக்காகச் செபிக்கிற மனுசனைத் தந்தீர்.”

“ஆமென்!” முதுகு மெல்லத் தளர்ந்தது. இது மோசமில்லையே!

“டொக்யாட்டில துரைமாரே மெச்சுகிற கெட்டிக்காரன்.”

“ஆமென்!” தவராசாவும் சேர்ந்து சொன்னார். உண்மையை மறைக்கக்கூடாது.

“பெருந்தன்மையான மனசு.”

“ஆமென்!”

“ஒரு பெண்ணுக்கு நீர் திறமையாத் தந்த தாலந்து மண்ணுக்குள் புதையக்கூடாது எண்டு நினைக்கிற மனசு.”

“ஆமென்!!” தவராசாவின் குரல் இப்போது எல்லாருடையதையும் விட உயர்ந்து நின்றது. கண்கூடக் கலங்கியது. தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல செபம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

“வாற திங்கள் தொடக்கம் நான் தையல் ரீச்சரா பள்ளிக்கூடம் போக அவர் மனமுவந்து உத்தரவு தந்ததுக்கும், விடியக் காலமையில தன்ர கையாலேயே தேங்காய் திருவித் தாறதுக்கு அவர் எடுத்த தீர்மானத்துக்கும் ஸ்தோத்திரம்!”

“ஆமென்!!!”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு விளங்கியது. கண்ணைத் திறந்தார். போதகர் முன்னால் நின்றார். அவர் கண்ணிலும் ஈரம். இரண்டு கையாலும் தவராசாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தவராசா! நீர் மனைவிமாரைப் பற்றிப் பேசச் சொன்னீர். தாழ்மையிலேதான் சொன்னீர், இப்ப விளங்குது.” இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “இண்டைக்குப் புருஷன்மாரைப் பற்றித்தான் பேசப்போறன்.”

முக்கால் மணித்தியாலம் பேசினார். ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் தவராசாவை உதாரணம் காட்டினார். சோமசேகரத்தின் மனைவி ஒவ்வொரு தரமும் திரும்பிச் சோமசேகரத்தைப் பார்த்தா.

சனம் கலைந்ததும் தவராசா குசினிக்குள் பாய்ந்தார்.

“நான் எப்ப உத்தரவு தந்தனான்?”

“ஆமென் சொன்னீங்கள்.”

“அது சும்மா வாயில வந்தது!”

“சும்மாவோ?” இன்பமலர் பயந்துபோனவள் மாதிரி நெஞ்சில் கை வைத்தாள். “ஆண்டவருக்கு முன்னால பொய்யோ சொன்னனீங்கள்? ஐயா இன்னும் சந்தி தாண்டியிருக்கமாட்டார். ஓடிப்போய்க் கேக்கட்டோ, இதுக்கு என்ன பரிகாரமெண்டு?”

தவராசா மிஞ்சிக் கிடந்த ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். வேறு என்ன செய்வது?

மறுநாள் ஆராதனை முடிவில் போதகர் ஓர் அறிவித்தல் வாசித்தார். வருகிற சனிக்கிழமை ஆண்கள் ஐக்கியக் கூட்டம். ‘நல்ல கணவன்’ என்ற பொருளில் சகோதரர் தவராசா பேசுவார். வாசலில் சோமசேகரம் அவரை மறித்தார்.

“உமக்கு என்ன விசர் பிடிச்சதோ? இண்டைக்கு விடிய என்ர மனுசி என்னட்டைத் தேங்காய் திருவலையைத் தந்திட்டா. பாரும் விரலை!”

திங்கள் விடிய தவராசா தேங்காய் திருவினார். பாதித் தேங்காய் சட்டிக்குள், மீதி உடுத்திருந்த சாரத்தில். ஏழு மணிக்கு இன்பமலர் வெள்ளைச் சீலையும் குடையுமாய்ப் படியிறங்கினாள். ஒழுங்கை முடக்கில் நின்ற நாலு பள்ளிக்கூடப் பெட்டையள், “குட் மோர்னிங் ரீச்சர்!” என்று ஒரே குரலில் கத்தினார்கள். அவள் திரும்பி ஒருதரம் வீட்டைப் பார்த்துச் சிரித்தாள். தவராசா வாசலுக்கு வந்து, குடை மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். தன்னை நிறுத்தியது கோபமென்றுதான் முதலில் நினைத்தார். டொக்யாட்டில் அபூதாஹிர், “உங்கட வீட்டில ரீச்சராமே!” என்று கேட்டபோது, “ஓம், நான்தான் அனுப்பினனான்” என்று தன் வாய் சொன்னதைக் கேட்டு அவரே திகைத்தார்.

பின்னேரம் பயந்து பயந்து வந்து சைக்கிளைச் சாத்தினார். கதவு திறந்திருந்தது. தேத்தண்ணி மேசையில் ஆவி பறந்தது.

“நீர் எப்ப வந்தனீர்?”

“இரண்டரைக்கு. பள்ளிக்கூடம் இரண்டு மணிக்கு விடுமெல்லே?”

எத்தனை மணிக்கு விடும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்தார். தலைக்கு மேலே தொங்கியது சனிக்கிழமைக் கூட்டம்.

“இஞ்சேரும். அந்த ஆம்பிளையளுக்கு முன்னால நிண்டு நான் என்னத்தைப் பேசுறது? எல்லாரும் என்னில கொதிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள்.”

இன்பமலர் அலுமாரியைத் திறந்து இரண்டு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவளுடைய முத்துமுத்தான எழுத்து. ‘அன்பான சகோதரரே, என் மனைவி ஆசிரியையாக வேண்டும் என்று முதன்முதலில் விரும்பியவன் நானே’ என்று தொடங்கியது. தவராசா ஒரு மூச்சில் வாசித்தார். நல்ல பேச்சு. தான் இவ்வளவு நல்லவன் என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

“வலு திறமா இருக்குது. நேற்று இரவிரவா இருந்து எழுதினனீரோ?”

“இல்லை. ஐயாவைக் கூட்டத்துக்குக் கூப்பிடப் போறன் எண்டு போன செவ்வாய்க்கிழமை நீங்கள் சைக்கிளில ஏறினீங்களே, நீங்கள் திரும்பி வாறதுக்கிடையில.”