அடுத்த லைன் வேலை

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை இரும்பு என்று பிறந்த எதையும் நிம்மதியாக இருக்கவிடாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் என்ஜி அண்ணன்தான். நிஜப் பெயர் அவருடைய அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கம்பெனியில் துருப் பிடித்த பாகங்களைத் தேய்த்துக் கழுவுகிற லைனில் இருந்தார். தேறாததன் மேல் மஞ்சள் மார்க்கரால் ‘என்ஜி’, அதாவது ‘நாட் குட்’, என்று எழுதி ஓரம்கட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்தாலும் அந்த மார்க்கர் அவர் சட்டைப் பையை விட்டு இறங்காது.

செல்வி அக்கா வீட்டு மாடியில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து அறை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிச் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் கண் எதிலாவது போய் ஒட்டிக்கொள்ளும். கேட் கொக்கி என்ஜி. ஜன்னல் கம்பி என்ஜி. என் சைக்கிள், கத்தரிக்கோல், நகவெட்டி எல்லாமே என்ஜி. பெண் பார்க்கக் கிளம்பிய அன்று என் பெல்ட் பக்கிளிலேயே எழுதிவிட்டார் மனுஷன். கவனிக்காமல் அதோடு போய் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த வீட்டிலிருந்து இன்றுவரை பதில் இல்லை.

எழுதுவதோடு விட்டாரா? புளியைக் கரைப்பார். எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டுத் தேய்ப்பார். நான் குடிக்க வாங்கி வைத்த கோலாவை வாளியில் ஊற்றி அதில் என் ஸ்பேனரை ஊறப்போடுவார்.

“உக்காருண்ணே, ஒரு டீ குடிக்கலாம்” என்றால், “இன்னாபா உக்கார்றது? அது உள்ள அரிச்சிகினு கீது, உனுக்குக் கேக்கல?” என்பார்.

கொடுமை என்னவென்றால், அவர் பளபளப்பாக்கியதெல்லாம் மறுநாளே முன்பைவிடச் சிவந்து நிற்கும். மறுபடி தேய்ப்பார், மறுபடி சிவக்கும். தேய்த்த கையோடு ஈரத்தைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் பூசக் கூடாதா என்று கேட்டேன்.

“எண்ணெ போடறது அடுத்த லைன் வேலைபா. துரு எடுக்கறதோட நம்ம வேலை ஓவர்.”

இந்த வீட்டில் அடுத்த லைனில் யார் இருக்கிறார்கள்? கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அதற்குள் கொக்கிக்குப் போய்விட்டார்.

இந்த விளையாட்டு வினையானது செல்வி அக்காவின் தோசைக்கல்லில். காலை ஷிப்ட் பஸ் ஏறுகிற கூட்டத்தை நம்பி அக்கா வாசலில் டிபன் கடை போட்டிருந்தார். வீட்டுக்காரர் போன பிறகு மகளைப் படிக்கவைத்தது அந்த ஒரு கல்தான். ஒரு மழைக்காலத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அக்கா சேரப்பணஞ்சேரி போனார். கடைக் கூரை ஒழுகி, கல்லின் ஓரத்தில் துரு ஏறிவிட்டது. அக்கா வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓரத்துத் துருவோடு நிறுத்தினாரா? வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்து ஏறியிருந்த கறுப்பையும் சேர்த்துத் தேய்த்து, கல்லைப் புதுத் தட்டுபோல வெளுக்க வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஊற்றிய முதல் தோசை கல்லை விட்டு வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. அக்கா சுரண்ட, மாவு பிய்ந்துகொண்டு வர, நின்றவர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நழுவினார்கள். பஸ் போனபின் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

“நீ துருவ எடுத்தியா, இல்ல எம் பொழப்ப எடுத்தியா?”

அண்ணன் கை சும்மா தொங்கியதை அப்போதுதான் பார்த்தேன். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

அடுத்த நாளே கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, விடிந்ததும் அக்கா அடுப்பு முன்னால் நின்றார். கல்லைக் காயவைப்பதும், எண்ணெய் விடுவதும், அரை வெங்காயத்தால் தேய்ப்பதும், மறுபடி காயவைப்பதுமாக ஒரே வேலை. பிய்ந்த தோசையெல்லாம் அவர் வயிற்றுக்குத்தான். அக்கா இட்லியை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இது அடுத்த லைன் வேலையாச்சே” என்று சீண்டினேன்.

“நீ மூடிகினு போபா” என்றார், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கல் மெல்ல மெல்லக் கறுத்தது. ஒருநாள் காலை தோசையின் ஓரம் தானாகவே எழும்பியது. அக்கா அதைத் தட்டில் போட்டு, பஸ்ஸுக்கு அவசரப்பட்டவர்களையெல்லாம் தாண்டி, முதலில் அண்ணனிடம் நீட்டினார். “துன்னுட்டுப் போ.” அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது அண்ணனுக்கு மறைமலை நகரில் வேறு கம்பெனி. தீபாவளிக்கு மட்டும் எட்டிப்பார்ப்பார். போன வாரம் அக்கா கடையில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, கடைக் கதவின் கொக்கி செக்கச்செவேலென்று இருப்பதைப் பார்த்தேன். கல்லுக்குப் பக்கத்திலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன்.

“வுடு தம்பி” என்றார் அக்கா. “தீபாளிக்கு அந்தாளு வரும். துரு இல்லன்னா அது இங்க ஒரு நிமிசம் நிக்குமா?”

கிண்ணத்தை வைத்துவிட்டு மாடிக்கு வந்தேன். என் ஜன்னல் கம்பியிலும் நான் கைவைக்கவில்லை.