நான் காட்டிய சனி

கருவியை வாங்கிய மறுநாளே மேதையாகிவிடுகிற ஒரு கூட்டம் உண்டு. கேமரா வாங்கினால் மறுநாள் அடுத்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டி உதட்டைப் பிதுக்குவார்கள். விலை கூடிய காலணி வாங்கினால் காலையில் நடக்கப் போகும் பெரியவர்களை வழிமறித்து முழங்காலைப் பற்றி வகுப்பெடுப்பார்கள். இவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவ்வளவு எரிச்சல் ஏன் என்றால், அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான்.

நான்கு வருடத்துக்கு முன், முப்பத்தொரு வயதில், ஒரு தொலைநோக்கி வாங்கினேன். பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. கல்லூரியில் இயற்பியல் படித்திருந்தேன் (படித்தேன் என்றால், பாஸானேன்). அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் யார் ராகு காலம் பார்த்தாலும், யார் நல்ல நாள் கேட்டாலும், ஃபைலிலிருந்து தலையைத் தூக்கி ஒரு சிரிப்பு சிரிப்பேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

பெட்டி வந்தது. பிரித்துக் கோத்தேன். முடித்தபோது இரண்டு திருகு மிச்சமிருந்தது. கம்பெனிக்காரன் தெரியாமல் கூடுதலாகப் போட்டுவிட்டான் என்று முடிவு செய்தேன். பெரிய குழாயின் முதுகில் குறி பார்ப்பதற்கென்று ஒரு சின்னக் குழாய் உண்டு. பகலில் தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்த்து இரண்டையும் ஒரே திசைக்குக் கொண்டுவந்து பூட்ட வேண்டும் என்று கூடவந்த புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. முதல் பக்கம் முட்டாள்களுக்கானது என்று இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டேன். அதனால் கடைசிவரை சின்னக் குழாய் ஒரு பக்கம் பார்க்கும், பெரிய குழாய் இன்னொரு பக்கம் பார்க்கும். ஒரு வாரத்தில் நான் பார்த்தது நிலாவை மட்டும்தான். அதுவும் நான் பிடித்ததில்லை. தானாக வந்து மாட்டிக்கொண்டது.

இந்த நிலையில்தான் என் தங்கை கோமதியைப் பெண் பார்க்க வந்தார்கள்.

கோமதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என்னைவிட ஐந்து வயது இளையவள். புத்தியில் எவ்வளவு மூத்தவள் என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை. மாப்பிள்ளை முத்துக்குமாருக்கு ஸ்ரீவைகுண்டம். தெரிந்தவர் மூலமாக வந்த ஜாதகம். இருவரும் ஒரு மாதமாக போனில் பேசிக்கொண்டிருந்தார்கள், இருவருக்கும் பிடித்துவிட்டது. பெண் பார்ப்பது பெயருக்குத்தான். 'எஞ்சினியர்' என்றார்கள். என்ன எஞ்சினியர் என்று நான் கேட்கவில்லை. (மற்றவர்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. என்னைப் பற்றிச் சொல்லவே நேரம் போதவில்லை.)

அப்பா காலமாகிவிட்டதால் வீட்டுக்கு ஆண்பிள்ளை நான். அம்மா காலையிலேயே எச்சரித்தாள்.

"ஏலே, வந்தவங்கள வாங்கன்னு சொல்லு, காப்பியை எடுத்துக் குடு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

ஞாயிற்றுக்கிழமை. ராகு காலம் கழியட்டும் என்று ஆறு மணிக்கு மேல்தான் வந்தார்கள். (நான் அந்தச் சிரிப்பைச் சிரித்தேன்.) முத்துக்குமாரும் அவன் அம்மாவும் மட்டும். மாப்பிள்ளையின் அம்மா என்பதால் எனக்கு அவர் அத்தை; வெள்ளந்தியான மனுஷி. கேசரியை ருசித்துச் சாப்பிட்டு, கோமதியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்த மாதிரிதான். ஏழேகால் மணிக்கு விடைபெற எழுந்தவர்களை நான் நிறுத்தினேன்.

"மாடிக்கு வாங்க அத்தை. வாழ்நாள்ல பாக்காத ஒண்ணைக் காட்டுதேன்."

அம்மா கண்ணைக் காட்டினாள். கோமதி உதட்டைக் கடித்தாள். நான் எதையும் பார்க்கவில்லை. முழங்கால் வலியோடு அத்தை ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்.

கீழ்வானத்தில் சனி கிரகம் உதித்திருக்கும் என்று என் போன் சொல்லியிருந்தது. அங்கே மேகம் இருந்தது. மேகமெல்லாம் சாதாரண ஆட்களுக்குத்தான் என்பதுபோல் குழாயை அந்தப் பக்கம் திருப்பி இப்படியும் அப்படியும் துழாவினேன். திடீரென்று கண்ணுக்குள் ஒரு வட்டம் வந்து நின்றது. சிவப்பாக, நடுவில் இருட்டாக, கச்சிதமான ஒரு வளையம். எனக்குப் புல்லரித்துவிட்டது.

சனிக்கு வளையம் உண்டு; சரி. வளையத்துக்கு நடுவில் சனியும் இருக்க வேண்டுமே? அது நிழலில் இருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஏன் சிவப்பு? அடிவானத்தில் எல்லாம் சிவந்துதான் தெரியும். பூமி சுற்றுவதால் எந்தக் கிரகமும் குழாய்க்குள் நிற்காமல் நகர்ந்து ஓடிவிடும் என்று படித்திருந்தேனே, இது ஏன் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது? குழாயைத் தாங்கும் முக்காலியை நான் பூட்டிய திறமை.

"பாருங்க அத்தை. பைய குனிஞ்சு, ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு."

அத்தை பார்த்தார். "செக்கச் செவேல்னு வளையல் கணக்கா என்னமோ தெரியுதே தம்பி. அழகா இருக்கு. என்னது இது?"

"சனி!" என்றேன், நானே செய்து மேலே மாட்டியதுபோல்.

அத்தை கரண்ட் அடித்தவர் மாதிரி பின்னால் துள்ளினார். கோமதி பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார்.

"சனியா? சனீஸ்வரனா? எங்க ஊரே சனி பகவான் தலம் தம்பி. அவரு சன்னதியிலயே நேருக்கு நேர் நிக்கப்பிடாதுன்னு ஒதுங்கி நின்னு கும்பிடுதவ நான். ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு மூஞ்சிக்கு மூஞ்சி பாருன்னு சொல்லுதியளே! எம் பையனுக்கு ஏழரை வேற நடக்கு. பொண்ணு பாக்க வந்த இடத்துலயா!"

அந்த இடத்திலாவது ஒரு சாதாரண மனிதன் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் சிரித்தேன். அதே சிரிப்பு. "அது வெறும் வாயு உருண்டை அத்தை. அதுக்கு நீங்க யாருன்னே தெரியாது" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினேன். அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பார்த்ததைத் துடைத்துவிட முடியும் என்று நம்பியவர் மாதிரி.

முத்துக்குமார் வந்து குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து குழாய் நீட்டியிருந்த திசையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அசையாம நிக்குதே அண்ணாச்சி."

"ஆமா. முக்காலி அப்படி" என்றேன்.

அவர்கள் முடிவு ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போனார்கள். கோமதி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பேசினாள், அது இங்கே எழுதும்படியானதல்ல.

கலவரத்தில் தொலைநோக்கி மாடியிலேயே கிடந்தது. காலையில் எடுக்கப் போனவன், சும்மா ஒரு கண்ணை வைத்தேன். மங்கலாக ஏதோ தெரிந்தது. திருகைத் திருப்பினேன். தெளிவானது. என் தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். தலைகீழாக ஓர் இரும்புக் கோபுரம். அதன் நுனியில் ஒரு சிவப்பு விளக்கு. செல்போன் டவர். சரியாகத் திருகாத கண்ணாடியில் எந்த விளக்கும் வளையமாகத்தான் தெரியும் என்பது, நான் மதிக்காத புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் இருந்ததாம். விளக்கின் மேல் தலைகீழாக ஒரு காக்கை உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. நான் காட்டிய சனியில் வாகனம் மட்டும் அசல்.

அப்படியே கீழே ஓடி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைக்கும்போது அம்மாவின் போன் அடித்தது. அத்தை. ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை, வேண்டும் என்று சொல்லவும் பயமாக இருக்கிறதாம். கடைசியில் ஒரு வழி சொன்னார். காட்டினவன் கையாலேயே ஸ்ரீவைகுண்டத்தில் ஒன்பது சனிக்கிழமை எள் தீபம் போட வேண்டும். போட்டால் தை மாதம் கல்யாணம்.

அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏலே, உண்மையச் சொல்லு. நீ காட்டுனது சனிதானா?"

கோமதி அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் சொன்னால் போதும். பல்பு. ஆனால் அலுவலகத்தில் எல்லோரிடமும் சனியைப் பிடித்துவிட்டதாக முந்தின ராத்திரியே போனில் சொல்லி முடித்திருந்தேன். ஏழரை, ஜாதகம் என்று பேசுகிற அத்தனை பேர் முன்னாலும், டவர் விளக்கைக் கிரகம் என்று காட்டிய பட்டதாரியாக நிற்பதா?

"அதுல என்னம்மா சந்தேகம்? சனியேதான்" என்றேன்.

ஒன்பது சனிக்கிழமை. பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போவேன். கிளம்பும்போது நல்லெண்ணெய்ப் பாட்டிலும் எள் முடிச்சும் போட்ட பையைக் கையில் கொடுத்து, கோமதி தவறாமல் ஒன்று கேட்பாள்: "யண்ணே, வேற எதும் சொல்லணுமா?" "ஒண்ணுமில்ல" என்பேன். அங்கே பஸ் ஸ்டாண்டில் முத்துக்குமார் பைக்கோடு நிற்பான். அவனும் ஏதோ கேட்க வருகிற மாதிரியே இருப்பான், கேட்க மாட்டான். கோயிலில் அத்தை காத்திருப்பார். விளக்கை ஏற்று என்பார், ஏற்றுவேன். ஒதுங்கி நின்று கும்பிடு என்பார், ஒதுங்குவேன். வீட்டுக்குக் கூட்டிப் போய் எள்ளுச்சாதம் வைத்து, காக்கையைக் கூப்பிடச் சொல்வார். இயற்பியல் பட்டதாரி கொல்லையில் நின்று கா கா என்று கத்துவேன். காக்கை வந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும். அதன் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அத்தை தெரிந்தவர்களிடமெல்லாம் என்னை அறிமுகம் செய்துவைத்தார். "சனி பகவானைக் குழாய்க்குள்ள வரவழைச்சுக் காட்டுன தம்பி இவரு." ஐந்தாவது வாரம் பூக்காரம்மா கேட்டாள்: "ராகு, கேது எல்லாம் காட்டுவியளா, இல்ல சனி மட்டுந்தானா?" சனி மட்டும்தான் என்றேன். அதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னதாக ஞாபகம்.

தையில் கல்யாணம் நடந்தது. மறுவீட்டுக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டு அண்ணாச்சி பேச்சுவாக்கில் முத்துக்குமாரிடம், "மாப்பிள்ளைக்கு எதுல எஞ்சினியர் வேலை?" என்று கேட்டார்.

"செல்போன் டவர் பராமரிப்பு அண்ணாச்சி. இந்தப் பக்கம் பூரா எங்க பொறுப்புதான்" என்ற முத்துக்குமார், என் பக்கம் திரும்பினான். "அத்தான், நீங்க காட்டுனீங்களே, அந்தச் சனிக்கு முந்தின மாசந்தான் எங்க ஆளுக புது பல்பு மாத்துனாங்க."

பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தேன்.

"பாத்த அன்னைக்கே தெரியும் அத்தான். வீட்டுக்குப் போயி கோமதிகிட்ட போன்ல சொல்லிட்டேன். அம்மாகிட்டயும் சொல்லிருவோம்னுதான் இருந்தேன். இவதான் பொறு, எங்கண்ணன் தானாச் சொல்லட்டும்னா. நீங்க சொல்லுவிய சொல்லுவியன்னுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்."

நான் கோமதியைப் பார்த்தேன். அவள் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங் கல்யாணம் நின்னாலும் பரவாயில்ல, தப்புன்னு ஒரு வார்த்தை மட்டும் உன் வாயில வராதுல்லா யண்ணே?" என்றாள். சொல்லிவிட்டு எனக்குச் சாம்பார் ஊற்றினாள். அந்தச் சாம்பாரின் ருசி எனக்கு நினைவில்லை. தப்புதான் என்று அந்த இலையைப் பார்த்துச் சொன்னேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

சிரிப்பை ஆரம்பித்தது அத்தைதான். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அட பாவி மனுசா, பல்புக்கா ஒம்பது வாரம் வெளக்குப் போட்ட! நானும் கூட நின்னு சுத்துனேனே!" அதோடு பந்தி முழுக்கச் சிரித்தது. எதிர்வீட்டு அண்ணாச்சிக்குப் புரையேறியது.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் செல்போன் டவருக்குப் பெயர் சனி பகவான்தான். வெளியூர் போகிற பஸ்ஸில் எங்காவது சிவப்பு விளக்கு தெரிந்தால், கோமதியின் இரண்டு வயது மகள் ஜன்னலில் கை நீட்டி, "மாமா சனி!" என்று கத்துகிறாள். பக்கத்து சீட்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

போன வாரம் அத்தை போன் செய்தார். பேச்சு விட்டு விட்டுக் கேட்டது.

"தம்பி, ஒண்ணுமே கேக்கல. மாடிக்குப் போயி சனி பகவானைப் பாத்து நின்னு பேசுங்க."

போனேன். நேருக்கு நேர் நின்றேன். தெளிவாகக் கேட்டது.