குட்டையை மூட டிராக்டர் அனுப்பச் சொல்லி மச்சானுக்கு

பெரியநாயக்கன்பாளையம்,
12.3.1997

ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்தும் மரியாதைக்குரிய மச்சான் திருமலைசாமி அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் அங்கப்பன் கும்பிட்டு எழுதுவது. தங்கள் இடுப்புவலி குறையவும் மண்டி செழிக்கவும் மருதமலையானை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் தங்கள் தங்கை பாவாத்தாளும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத்து வரவில்லை.

மலையடிவாரத்து நாலு ஏக்கரில் கிணறு வற்றிச் சோளம் கருகிய வருஷம், சொந்த நிலத்தை வனவிலங்குகளுக்கு விட்டால் சர்க்கார் மானியம் தருகிறதாம் என்று பேப்பரோடு வந்தவர் தாங்கள்தான். "உழவு வேண்டாம், களை வேண்டாம், மான் வந்து நின்னாப் போதுமுங்க மாப்ள" என்றீர்கள். நம் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதானே சொல்வோம், மனுவிலும் நான் அப்படியே எழுதிவிட்டேன், ஏற்கெனவே காடாக இருப்பதைக் காடாக்க மானியம் எதற்கு என்று திருப்பியனுப்பிவிட்டார்கள். அதைப் புரியவைத்து முடிப்பதற்குள் என் செருப்புத் தேய்ந்தது. பிறகு வனத்துறை அதிகாரி லட்சுமிநாராயணன் வந்தார், நல்ல மனுஷர், மோர் குடித்தார், மூங்கிலும் அத்தியும் நட வைத்தார், நடுவில் குட்டை வெட்டி ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிட்டார், 'வனவிலங்கு வாழிடம்' என்று பலகையும் மாட்டினார். பலகையைப் படித்த மாதிரி மயில் வந்தது, பன்றி வந்தது, போன தையில் ஒரு பெண் யானை குட்டியோடு வந்தது. பாவாத்தாள் மொட்டைமாடியில் நின்று பார்த்து, கல்யாணத்துக்கு ஆள் வந்ததுபோல் பூரித்துப்போனாள்.

யானைக்கு எல்லைக்கல் தெரியாதே. எங்கள் குட்டையில் தண்ணீர் குடித்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துச் சுந்தரராஜுலுவின் வாழைக்குள் இறங்கியது. அவர் சண்டைக்கு வரவில்லை. "ஏனுங்க அங்கப்பன், விருந்தாளியக் கூப்பிட்டது நீங்க, எல போடறது நானுங்களா?" என்றுதான் கேட்டார். மறுநாளே அவரைத் திட்ட ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். இந்தத் திட்டம் விலங்கை வரவழைக்கத்தான், வாழை போனதற்கு வேறு ஆபீஸ் என்றார்கள். அந்த ஆபீசில், யானை திட்ட நிலத்திலிருந்து வந்ததால் திட்ட ஆபீசிலேயே கேளுங்கள் என்றார்கள். சுந்தரராஜுலு அதற்கப்புறம் யாரையும் கேட்கவில்லை. பன்றிக்கு என்று சொல்லி மோட்டார் ரூமிலிருந்து வாழையைச் சுற்றிக் கம்பி இழுத்துக் கரண்ட் விட்டார்.

போன மாசக் கடைசி வெள்ளிக்கிழமை விடிந்தபோது தாய் யானை வாழைக்குள் விழுந்து கிடந்தது. கரண்டை நிறுத்தியிருந்தார்கள். குட்டி நெற்றியால் அதை முட்டி முட்டி எழுப்பிப் பார்த்தது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன் மச்சான். மில்லுக்குப் போகிறவர்களெல்லாம் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள், சேமியா ஐஸ்காரன் வந்து பெட்டியைக் காலி செய்துகொண்டு போனான். சுந்தரராஜுலுவைச் சட்டை போடக்கூட விடாமல் ஜீப்பில் ஏற்றினார்கள். குட்டியைப் பட்டாசு வெடித்து மலைக்குத் துரத்தினார்கள். யானையை எங்கே புதைப்பது என்று பேச்சு வந்தது, வாழைத் தோட்டம் கேஸில் இருக்கிறது, அங்கப்பன் நிலம் வாழிடம்தானே என்று பொக்லைனைக் கொண்டுவந்து என் மூங்கில் கன்றுகளைப் பிடுங்கிப்போட்டு அங்கேயே குழி தோண்டினார்கள். போன திங்கட்கிழமை லட்சுமிநாராயணன் ஒரு கடுதாசி கொண்டுவந்தார். என் நிலத்தை யானைகள் பயன்படுத்துவது உறுதியாகிவிட்டதால் திட்டம் வெற்றியாம், எனக்குப் பாராட்டாம், அடுத்த தவணை மானியமும் உண்டாம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மேல அப்படித்தாங்க எழுதறாங்க" என்றார்.

சுந்தரராஜுலு வீட்டம்மா எங்களோடு பேசுவதில்லை. பாவாத்தாள் கொண்டுபோன சோறு மூடியபடியே வாசலில் இருந்தது. சாயங்காலமானால் அந்தக் குட்டி மட்டும் தனியாகக் குட்டைக்கு வருகிறது, வந்து கத்துகிறது. பாவாத்தாள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறாள். தண்ணீர் இல்லாவிட்டால் மலைக்கே போய்விடும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆகவே மச்சான் ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் அனுப்பிக் குட்டையை மூடிக்கொடுக்க வேண்டும். நிலத்தை விற்க ஒரு ஆளும் பார்க்கவும். நாங்கள் தங்கள் மாடி வீட்டுக்கே குடிவந்துவிடுகிறோம், இனி இந்த மலையைப் பார்க்கவே வேண்டாம்.

அக்காவுக்கு எங்கள் கும்பிடு, பேரப்பிள்ளைகள் நூறாயுசாய் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை
அங்கப்பன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சுந்தரராஜுலு ஜாமீனில் வந்துவிட்டார். தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று பாவாத்தாள் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். அவர் வாசலிலேயே நின்று, "அந்தக் குட்டி தண்ணி குடிக்க வருதுங்களா?" என்றார். வருகிறது, ஞாயிற்றுக்கிழமை குட்டையை மூடப்போகிறேன் என்றேன். குட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "மூடிப்போடாதீங்க அங்கப்பன்" என்று சொல்லிவிட்டுத் தன் தோட்டத்துக்குள் போனார். மிச்சம் நின்ற வாழையில் ஒரு தார் வெட்டி, தோளில் சுமந்து வந்து கரையில் வைத்துவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குப் போனார். டிராக்டர் வேண்டாம் மச்சான். மாடியை வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடுங்கள்.