பழவேற்காட்டு மகிழ்ச்சிக் கச்சேரி

உலகத்தில் எத்தனையோ அரசுகள் வரி போட்டிருக்கின்றன, சண்டை போட்டிருக்கின்றன, ஏன், சாலைகூடப் போட்டிருக்கின்றன. ஆனால் குடிமக்கள் தங்கள் தெருவைப் பார்த்து மகிழ்ந்தே தீரவேண்டும் என்று சட்டம் போட்டு, அதற்கென்று கச்சேரி என்ற பெயரில் ஒரு சர்க்கார் அலுவலகம் திறந்து, அந்தக் கச்சேரிக்கு ஒரு துரையையும் அவர் பேச்சை மொழிபெயர்க்க ஒரு துபாஷியையும் ஒரு அளவு கயிற்றையும் நியமித்த பெருமை பழவேற்காட்டுக் கோட்டையைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் கொடி கோட்டையின் மேல் பறந்துகொண்டிருந்த காலத்தில் இந்த அதிசயம் நடந்தது. அதை நேரில் அனுபவிக்கும் பாக்கியம் மீன்காரி ருக்குவுக்கு வாய்த்தது. அவள் கேட்டு வாங்கிய பாக்கியம் அல்ல அது.

ருக்குவின் வியாபார ஸ்தாபனம் ஒரு கூடை, ஒரு அரிவாள்மணை, ஒரு மண்சட்டி ஆகிய மூன்றும் கொண்டது. நாள்தோறும் மீன் விற்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏரித்துறையில் சந்தை கூடும்போது சட்டியில் நண்டும் வறுப்பாள். அந்தச் சந்தையை யாரும் கூட்டியதில்லை. படகு வரும், மீன் வரும், மீனுக்கு ஆள் வரும், ஆளுக்குப் பசி வரும். சாயத்துணிக்காரர் மிச்சத் துண்டுகளை விரிப்பார். கோட்டைச் சேவகத்தில் இருந்தபோது பிடில் கற்றுக்கொண்ட தானியேல், அதை வாசித்துக்கொண்டு குறுக்கே நடப்பான். குழந்தைகள் அவன் பின்னால் போகும், நாய்கள் குழந்தைகளின் பின்னால் போகும். இவ்வளவுதான் ஏற்பாடு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் துறையில் கண்டிப்பு உண்டு. அதன் பெயர் பாடு. ஏரியில் எந்த இடத்தில் யாருடைய வலை எந்த நாளில் விழும் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள் மீனவர்கள். நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. கரையில் மீன் விற்கும் பெண்கள் ஒன்பது பேரும் இதே முறையில்தான் உட்கார்ந்தார்கள். பூவரச மரத்தடியில், படகு வந்து ஒட்டும் இடத்துக்கு நேர் எதிரே இருப்பது தலையிடம். நிழலும் அங்கே, முதல் மீனும் அங்கே. ஒன்பது நாளைக்கு ஒரு முறை அது ஒருத்திக்கு வரும். அதுவும் சந்தை நாளான வெள்ளியோடு சேர்ந்து வருவதென்றால் அறுபத்துமூன்று நாளைக்கு ஒரு முறைதான். போன முறை ருக்குவுக்கு அப்படி வந்தபோது புயல் வந்துவிட்டது. இந்த முறை அவள் விரலை மடக்கி மடக்கி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டைக்குப் புதிதாக வந்த துரை ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்து, ருக்குவின் சட்டியிலிருந்து ஒரு நண்டு வாங்கித் தின்றார். காரத்தில் அவர் கண் கலங்கியது. அவர் பின்னாலேயே நின்ற துபாஷி ஆதிநாராயணன், துரை உள்ளம் உருகிவிட்டார் என்று ஊருக்கு விளக்கம் சொன்னார். அது பொய்யும் அல்ல. துரை உண்மையிலேயே மகிழ்ந்துவிட்டார். ஊருக்குப் பிடித்த சனி அந்த நிமிஷம் பிடித்தது.

அடுத்த வாரமே தண்டோரா போட்டார்கள். சிறு வியாபாரிகளைப் போற்றவும், குடிமக்கள் தத்தம் தெருவின் அழகை உணரவும், இனிமேல் வெள்ளிதோறும் துறையில் 'வட்டார மகிழ்ச்சி விழா' நடக்கும். மகிழ வருகிறவர்கள் முன்கூட்டியே கச்சேரியில் 'மகிழ்ச்சி ஓலை' பெற்றுக்கொள்ள வேண்டும். பிடில் வாசிப்பவர், தன் பின்னால் வரப்போகும் குழந்தைகளின் பெயர்களைக் கொடுக்க வேண்டும். மீன் நாற்றம் கயிறு கட்டிய எல்லையைத் தாண்டக் கூடாது. கடை போடும் ஒவ்வொரு இடமும் உரியவர் பெயரில் பதியப்படும். இவை யாவும் மக்களின் நன்மைக்கே. தண்டோராக்காரன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடித்தான்.

புதன்கிழமை, பதிவு செய்யத் துரையும் துபாஷியும் கயிறோடு வந்தார்கள். துபாஷி தலையிடத்தைக் காட்டி ருக்குவைக் கேட்டார்.

"ஏம்மா, இந்த எடம் யாருது?"

"இன்னிக்கு குப்பம்மாவுது சாமி."

"நாளைக்கு?"

"நாளைக்கு மேரியுது. வெள்ளிக்கிழம என்னுது. மறாநாளு கோவிந்தம்மாவுது."

"தெருக்கூத்தா நடத்துற? ஒரு பேரு சொல்லும்மா. துரை எழுதணும்."

"ஒரு பேரு எப்டி சாமி சொல்றது? ஒம்பது பேரு கீறமே."

துபாஷி மற்ற எட்டுப் பேரையும் தனித்தனியாக விசாரித்தார். ஒன்பது பெண்கள் ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி பேசியது துறையின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. எல்லோரும், "எனக்குன்னு சொந்தமில்ல சாமி, பாடு வந்தா என்னுது" என்றார்கள். ருக்குவுக்கு அதில் பெருமைகூட. எவ்வளவு நேர்மையான ஊர் என்று துரை மெச்சுவார் என்று நினைத்தாள். அவர்களில் யாராவது ஒருத்தி வாய் கூசாமல் ஒரு பொய் சொல்லியிருந்தால் இடம் பிழைத்திருக்கும்.

துரை எழுதிக்கொண்டார். துபாஷி அதைப் படித்துக் காட்டினார். 'தீர விசாரித்ததில், மேற்படி இடத்தைத் தன்னுடையது என்று சொல்ல இந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஆகவே இது காலி இடம்.'

"காலியா? மேல குப்பம்மா குந்திக்கினு கீறா சாமி!" என்றாள் ருக்கு.

"குந்தறது வேற, பாத்தியத வேற" என்றார் துபாஷி.

காலி இடம் என்று ஒன்று பிறந்துவிட்டால் அதை நிரப்ப ஆளா இல்லை? துபாஷியின் மச்சான் பூபதி, நடந்து வந்த களைப்பைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். பூபதிக்கு மூன்று கருவாட்டுக் கிடங்கும் இரண்டு பெரிய தோணிகளும் இருந்தன. அவன் எப்படிச் சிறு வியாபாரி ஆவான் என்ற ஐயம் துரைக்கே எழுந்தது. ஒல்லாந்தரின் தலைமையிடமான பத்தாவியாவில் இருக்கும் கிடங்குகளை நினைத்துப் பார்த்தால் இது சிறியதுதானே என்று துபாஷி பணிவோடு சுட்டிக்காட்டினார். துரை நினைத்துப் பார்த்தார். சிறியதாகத்தான் இருந்தது. துபாஷி மச்சானைக் கேட்டார்.

"இந்த எடம் யாருது?"

"என்னுது" என்றான் பூபதி.

"நேத்து?"

"என்னுது."

"நாளைக்கு?"

"நாளைக்கும் என்னுது, நாளன்னிக்கும் என்னுது."

இவ்வளவு தெளிவான மனிதரைத் தாம் இந்தக் கரையில் சந்தித்ததே இல்லை என்று துரை அவன் கையைக் குலுக்கினார். நாற்றம் தாங்காது என்று பூபதி அதுவரை பூவரச மரத்தடிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ருக்கு குளித்து, தலைக்குப் பூ வைத்து, கூடையும் சட்டியுமாகத் துறைக்கு வந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் தோரணம் ஆடியது. இந்தப் பக்கம் கோட்டைச் சிப்பாய் சின்னப்பன் ஈட்டியோடு நின்றான்.

"ஓலை கீதா?" என்றான்.

"இன்னா ஓலை? எம் பாடுடா இன்னிக்கு!"

"பேஜார் பண்ணாதக்கா. உள்ள சின்ன வியாபாரிங்களைப் போற்றிக்கினு கீறாங்க. கூடைய வச்சிக்கினு வழியில நிக்காத."

ருக்கு கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வழிவிட்டு நின்றாள். அறுபத்துமூன்று நாள் எண்ணியது வீண். இன்றைய ஒரு சாயங்காலம் போனால் போகட்டும் என்று விடலாம். நாளை கோவிந்தம்மாவின் பாடும் போகும், அடுத்த நாள் இன்னொருத்தியுடையதும். இனி எந்த நாளும் யாருக்கும் வராது. தன் வாயால் உண்மையைச் சொல்லி ஒன்பது குடும்பத்தின் இடத்தைத் தானே தாரை வார்த்துவிட்டோமே என்று அழுகை பொங்கியது. அழுவதற்கும் தனியாக ஓலை வைத்திருப்பார்களோ என்ற பயத்தில் அடக்கிக்கொண்டாள்.

அப்போது படகுகள் வந்தன. அன்றைக்கு ஏரியில் நல்ல பாடு திருவேங்கடத்தினுடையது. அவர்தான் படகுக்காரர்களுக்குப் பெரியவர். வலை நிறைய மடவை மீனோடு முழங்கால் தண்ணீரில் நின்றபடி கத்தினார்.

"இன்னிக்கு தலையிடம் யாரும்மா?"

"நான்தான் மாமா! பாடு கீது, எடந்தான் இல்ல!"

திருவேங்கடம் தோரணத்தைப் பார்த்தார். அதன் கீழே நாற்காலி போட்டு, மூக்கில் துணி கட்டி உட்கார்ந்திருந்த பூபதியைப் பார்த்தார்.

"எடம் இன்னாத்துக்கு? நீ எங்க குந்துறியோ அதான் தலையிடம். போய்க் குந்து."

துறைக்குச் சற்றுத் தள்ளி நிழல் இருந்த ஒரே இடம் ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டத்து மதில். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருந்ததால் அங்கே யாரும் அதிகம் புழங்குவதில்லை. ருக்கு எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் கூடையை இறக்கினாள். படகுகள் அந்தப் பக்கம் திரும்பின. மற்ற எட்டுப் பெண்களும் தங்கள் வரிசைப்படி அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். மீனுக்கு ஆள் வந்தது, ஆளுக்குப் பசி வந்தது, சாயத்துணி விரிந்தது. தானியேல் பிடிலோடு வந்தான். அவன் பின்னால் பதிவு செய்யப்படாத குழந்தைகள் வந்தன.

வட்டார மகிழ்ச்சி விழா மிகுந்த ஒழுங்கோடு நடந்தது. துரை, துபாஷி, பூபதி, சின்னப்பன் ஆகிய நால்வரும் ஓலை இல்லாமல் நுழைந்த ஓர் ஆடும் கலந்துகொண்டார்கள். நெரிசல் இல்லை, சத்தம் இல்லை, நாற்றம் எல்லையைத் தாண்டவில்லை. துரை ஒரு நாழிகை நேரம் மகிழ முயன்றார். பிறகு காற்றில் வந்த பிடில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கல்லறைப் பக்கம் நடந்தார்.

ருக்குவின் சட்டியிலிருந்து ஒரு நண்டு தின்றார். கண் கலங்கியது. ஏதோ சொன்னார்.

"எவ்ளோ அழகான எடம், இத இப்படியே காப்பாத்தணும்னு துரை சொல்றாரு" என்றார் துபாஷி, கயிற்றை உதறி விரித்துக்கொண்டே.

ஒன்பது பெண்களும் கூடைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

"இந்த எடம் யாருது?" என்று துபாஷி கேட்டு வாய் மூடவில்லை, பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பூபதி மூச்சிரைக்க, "என்னுது! நேத்தும் என்னுது! நாளைக்கும் என்னுது!" என்றான்.

"அண்ணனுக்கே எழுதிடுங்க சாமி" என்றாள் ருக்கு. "உள்ள ஆறடி தராங்க. யாரும் எழுப்ப மாட்டாங்க."

பூபதி அப்போதுதான் எலும்புக்கூட்டைப் பார்த்தான். நாற்காலியைப் போட்டது போட்டபடி துறைப் பக்கம் நடையைக் கட்டினான்.

ருக்கு எழுந்து நின்றாள். இந்த முறை அவள் துபாஷியைப் பார்க்காமல் துரையின் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"இது உங்க ஆளுங்க எடம் தொரை. உள்ள எங்கள மாதிரியேதான், வரிசையா கீறாங்க. முன்ன வந்த தொரை அந்தக் கோடி. அவருக்குப் பின்னால காய்ச்சல்ல போனவரு அவருக்கு அடுத்தாப்புல. அதுக்குப் பக்கத்துல ஒரு எடம் காலியாத்தான் கீது. அடுத்த பாடு யாருதுன்னு எழுதிக்கச் சொல்லுங்க."

ஆதிநாராயணன் தம் துபாஷித் தொழிலில் முதல் முறையாக, கேட்டதில் ஒரு சொல்கூட விடாமல் மொழிபெயர்த்தார். வேறு எதுவும் அவருக்கு அந்தச் சமயம் தோன்றவில்லை. துரை மதிலுக்கு உள்ளே எட்டிப் பார்த்தார். இடம் காலியாகத்தான் இருந்தது. அவரே கயிற்றை வாங்கிச் சுருட்டினார்.

குடிமக்கள் மகிழ்ச்சியில் தன்னிறைவு அடைந்துவிட்டபடியால் மகிழ்ச்சிக் கச்சேரி மூடப்படுகிறது என்று மறுநாளே பத்தாவியாவுக்கு ஓலை போயிற்று. பூவரச மரத்தடி மட்டும் பூபதியின் பெயரிலேயே நின்றது. எழுதியதை அழிக்கக் கச்சேரியில் ஆள் இல்லை. எந்தப் படகும் அங்கே ஒட்டவில்லை. பெண்கள் ஒன்பது பேரும் மதிலோரமே முறை வைத்து உட்கார்ந்தார்கள். நிழல் கொஞ்சம் குறைவு. மறுநாள் தலையிடத்தில் கோவிந்தம்மா குந்தினாள்.

கோட்டையாரைக் குறை சொல்வது நன்றியில்லாத வேலை. அவர்களும் பாடு தெரிந்தவர்கள்தான். கோட்டைக்கு இடம், கிடங்குக்கு இடம், துறை, முகத்துவாரம் என்று எதை எடுத்தபோதும் யாருடைய முறை என்று கேட்கும் ஞாபகம் அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இந்த ஊரில் அவர்கள் வரிசையில் காத்திருந்து, தங்கள் முறை வந்த பிறகே போய்ப் பிடித்த இடம் அந்த மதிலுக்கு உள்ளே இருப்பது ஒன்றுதான்.