ஆறு வயதுப் பத்மநாபனின் இடுப்பு அறுவைச் சிகிச்சை

எதையும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைக்கலாகாது என்பதை என் மனைவி கல்யாணி, எங்கள் திருமணத்துக்குப் புடவை எடுத்த அன்றே கண்டுகொண்டாள். கரமனைத் தெருச் சங்கத்தாருக்கு அது விளங்க இருபது ஆண்டுகள் பிடித்தன.

சங்கம் ஆண்டுக்கொருமுறை கல்லாற்றுக்கு ஒரு நாள் பயணம் போகும். யார் யார் வருகிறார்கள் என்பதைச் சங்கத் தலைவர் லக்ஷ்மணன் வாட்ஸ்அப் குழுவில் கேட்பார். விடையாக அறுபது கைகூப்புப் படங்கள் வரும். வணங்கி ஏற்கிறார்களா, வணங்கி மறுக்கிறார்களா என்பது பேருந்து புறப்படும் வரை தெரியாது.

"நீங்க காலேஜ் புரொபசராக்கும். இதுக்கெல்லாம் இப்போ கம்ப்யூட்டர்ல ஒரு ஏற்பாடு உண்டாமே. நல்லதா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்கோ" என்றார் லக்ஷ்மணன்.

நான் கல்லூரியில் கற்பித்தது பழந்தமிழ் இலக்கணம். அதற்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள தொடர்பை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. (புரொபசர் என்று யாரேனும் அழைத்துவிட்டால் எனக்கு மறுக்க வாய் வராது.)

அன்று மாலையே கல்யாணி தன் தரப்பை முன்வைத்தாள். அவளுடைய தந்தைக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சையாகி எட்டு மாதங்கள். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் இடையே நடந்து நடந்து மனிதர் வெறுத்துப் போயிருந்தார். மருத்துவர் அப்போதுதான் வெளியே செல்ல ஒப்பியிருந்தார்.

"அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறார். கல்லாத்துல காலை நனைக்கணுமாம். முன் சீட்டு வேணும், காலை நீட்டிக்க. நீங்கதானே எல்லாம் பார்க்கறேள்? வேற ஒண்ணும் நான் கேக்கலை."

வேறொன்றும் கேட்காதபோதுதான் கல்யாணி எல்லாவற்றையும் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

தேடத் தொடங்கினேன். இவ்வுலகில் மனிதர்கள் ஓரிடத்தில் கூடுவதற்காக இத்தனை மென்பொருள்கள் ஆக்கப்பட்டிருப்பதை நான் அறிந்ததே இல்லை. மாரத்தான் ஓடுவோருக்கு ஒன்று, மருத்துவ மாநாட்டுக்கு ஒன்று, நாய்க்குட்டிகளின் பிறந்தநாளுக்கென்றே ஒன்று. ஒவ்வொன்றிலும் நுழைந்து, இல்லாத விழாக்களை ஏற்படுத்தி, அவற்றுக்கு என் பெயரையே பதிந்து, என்ன நேர்கிறது என்று பார்த்தேன். ஒன்று, பதிந்தவரின் கைப்பேசிக்குக் கட்டங்கட்டமாய் ஒரு படத்தை அனுப்பி, அதை வாயிலில் காட்டச் சொன்னது. மற்றொன்று, இடம் நிறைந்த பின் வருவோரைக் காத்திருப்போர் வரிசையில் நிறுத்தி, எவரேனும் விலகினால் அடுத்தவரைத் தானே அழைத்தது. (இந்த ஒழுங்கு எங்கள் தெருக் குழாயடியில் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கும்.) மூன்று வாரங்கள் இவ்வாறு கழிந்தன. அந்த மூன்று வாரமும் நான் மிக மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இறுதியில் மூன்று எஞ்சின. முதலாவது, பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியே கேட்டது. குடும்பப் பெயர் இல்லாத எங்கள் தெருவே அதன் முன் முழுமையற்று நின்றதால் அதை விலக்கினேன். இரண்டாவது எல்லா வகையிலும் சிறந்தது. ஆயினும் பதிந்து முடித்ததும், "நீங்கள் வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டீர்கள்" என்று தமிழில் அறிவித்தது. எவருக்குச் சமர்ப்பிக்கப்பட்டேன் என்று எண்ணியபோதே மனம் நடுங்கிற்று. மூன்றாவது மட்டும், "தங்கள் பதிவு ஏற்கப்பட்டது" என்றது. அந்த ஒரு வாக்கியத்தின் செம்மைக்காக அதைத் தேர்ந்தேன். அதன் மற்றத் தகுதிகளைப் பற்றி, உண்மையைச் சொன்னால், நான் அதிகம் ஆராயவில்லை.

படிவத்தின் தலைப்பில் ஒரு குறிப்பும் எழுதினேன்: "தலைப்பெழுத்துகள் வேண்டா. பெயரை மட்டும் முழுமையாகத் தமிழில் எழுதுக." அமைப்புகள் பகுதியில், "ஒரே பெயரில் மீண்டும் வரும் பதிவுகளை ஒன்றாக்குக" என்றொரு கட்டம் இருந்தது. எங்கள் தெருவில் ஒரே வேலையை இருமுறை செய்வோர் உண்டாதலால், அந்தக் கட்டத்திலும் குறியிட்டேன். அப்போது என் தொலைநோக்கை நானே வியந்தேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பத்மநாப சுவாமி பள்ளிகொண்ட ஊரில், கோயிலுக்கு நடந்து போகும் தொலைவில் வாழ்கிறோம். எங்கள் வீடுகளில் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர் வைப்பது வழக்கம். ஆகவே தெருவில் எவரேனும் "பத்மநாபா" என்று அழைத்தால் ஏழு வாயில்களில் தலைகள் தெரியும். பேங்க் பத்மநாபன், ரயில்வே பத்மநாபன், மாடிவீட்டுப் பத்மநாபன் என்று அடைகொடுத்தே அவர்களைப் பிரித்தறிவோம். என் மாமனார்தாம் பேங்க் பத்மநாபன். இவையனைத்தும் நான் பிறந்தது முதல் அறிந்தவை. அறிந்திருந்தேன் என்பதே இக்கட்டுரைக்கான காரணம்.

பதிவுகள் வரத் தொடங்கின. மாமனார் முதல் நாளே பதிந்தார். நான்காம் நாள் ரயில்வே பத்மநாபன் என்னைத் தெருவில் நிறுத்தினார்.

"நான் பேர் குடுத்துட்டேன் கேட்டேளா. 'தங்கள் பதிவு புதுப்பிக்கப்பட்டது'ன்னு மெசேஜ் வந்தது. நான் புதுசாத்தானே குடுத்தேன்?"

"அது ஒரு மரியாதை மாமா" என்றேன்.

"நல்ல மரியாதை" என்று மகிழ்ந்து போனார்.

கடைசி நாளில் பட்டியல் இருபத்தொன்பதில் நின்றது. லக்ஷ்மணன் முகம் வாடினார். "போன வருஷம் நாப்பதுக்கு மேல வந்தாளே?"

நான் அவருக்குக் காலமாற்றத்தை விளக்கினேன். இளைஞர்கள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள், முதியோர் தொலைக்காட்சிக்குள் போய்விட்டார்கள் என்றேன். அதோடு விடாமல், "குன்றிவரும் கூட்டுணர்வு" என்ற தலைப்பில் இரண்டு பக்கச் சுற்றறிக்கையும் எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பினேன். பெரிய பேருந்தை விடுத்து முப்பது இருக்கை வண்டியைப் பேசினேன்.

பட்டியலில் மாமனாரின் வரியை மட்டும் தனியே சரிபார்த்தேன். "பத்மநாபன். இடுப்பில் அறுவைச் சிகிச்சை. முன்னிருக்கை தேவை. சர்க்கரை நோய் உண்டு. ஐஸ்கிரீம் கிடைக்குமா? மலைப்பாதையில் வாந்தி வரும். வயது: ஆறு."

நிம்மதியடைந்தேன். முன்னிருக்கை பதிவாகியிருந்தது. வயதைக் குறைத்துச் சொல்லும் ஆசை ஓய்வுபெற்றவர்களிடம் நான் முன்பும் கண்டதுதான். எழுபத்தெட்டை ஆறாக்குவது சற்று மிகை என்றாலும், எட்டு மாதம் அடைந்து கிடந்தவரின் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன். ஐஸ்கிரீமையும் அக்கணக்கிலேயே சேர்த்தேன்.

புறப்படும் நாள் காலை ஆறரை மணிக்குத் தெருமுனைக்குச் சென்றேன். வண்டி நின்றது. அதைச் சுற்றித் தெருவே நின்றது. எண்ணினேன். நாற்பத்து நால்வர். கூட்டுணர்வு ஒரு துளியும் குன்றாமல், கையில் தண்ணீர்ப் புட்டிகளோடும் தொப்பிகளோடும் காத்திருந்தது.

ஓட்டுநர் செல்வராஜ் நாகர்கோவில்காரர். பட்டியலை வாங்கிப் படித்தார்.

"பத்மநாபன்."

ஏழு பேர் முன்னே வந்தார்கள்.

"ஒரு பத்மநாபன்தான் சார் இருக்கு. வயசு ஆறு."

மாடிவீட்டுக் குழந்தை பத்மநாபன் தாயின் கையை விட்டு ஓடிவந்து, "நான்தான்" என்றான். மற்ற அறுவரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். செல்வராஜ் தொடர்ந்து படித்தார். "சுப்பிரமணியன்" என்றதற்கு அறுவர் வந்தனர். "மீனாட்சி" என்றதற்கு ஐவர். அவர் பட்டியலை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"சார், இது ஆளுங்க லிஸ்டா, அர்ச்சனை லிஸ்டா?"

லக்ஷ்மணன் தம் பையிலிருந்து என் சுற்றறிக்கையை எடுத்து, தலைப்பை மெல்ல ஒருமுறை வாசித்துவிட்டு மீண்டும் பைக்குள் வைத்தார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

"நிக்க வச்சுக் கூட்டிண்டு போகலாமே?" என்றார் ரயில்வே பத்மநாபன்.

"மலைரோடு சார். முப்பதுக்கு மேல ஒருத்தரைக்கூட ஏத்த மாட்டேன்" என்றார் செல்வராஜ்.

ஊன்றுகோலோடு நின்ற மாமனார் ஓரடி பின்வாங்கினார். "குழந்தை போகட்டும். லிஸ்ட்ல இருக்கறது அவன்தானே? நான் அடுத்த வருஷம் வரேன். ஆறு எங்கே போயிடப் போறது?"

புதுச் செருப்பு அணிந்திருந்தார். தண்ணீரில் நனையலாம் என்று ரப்பரில் வாங்கியது. கல்யாணி அந்தச் செருப்பைப் பார்த்தாள். பிறகு என்னிடம், மிகத் தாழ்ந்த குரலில், "நான் ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்" என்றாள்.

என் வாழ்வில் நான் விரைந்து எடுத்த ஒரே நல்ல முடிவு அதன்பின் வந்தது. செல்வராஜிடம் பட்டியலின் அந்த வரியைக் காட்டி, முன்னிருக்கை யாருக்கு என்று கேட்டேன்.

"பத்மநாபனுக்கு."

"இடுப்பு யாருடையது?"

அவர் சிரித்துவிட்டார். மாமனாரை முன்னிருக்கையில் ஏற்றி, குழந்தையை அவருக்குப் பக்கத்தில் செருகினோம். பட்டியல் சொன்னபடியே ஓர் இருக்கையில் ஒரு பத்மநாபன். மற்ற இருக்கைகளில் நடக்க முடியாதோரையும் குழந்தைகளையும் முதலில் அமர்த்தினோம். வண்டி புறப்பட்டபோது தெருமுனையில் மிஞ்சியவர் பதின்மூவர். அவர்களுள் நானும் ஒருவன். நானாக இறங்கினேன் என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். (இறங்கு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.)

எஞ்சிய பன்னிருவரையும் தம்பானூர்ப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துச்சென்று, கல்லாறு வழியே போகும் பொன்முடிப் பேருந்தைப் பிடித்தேன். பாதி வழி நின்றுகொண்டே போனோம். ரயில்வே பத்மநாபன் ஒவ்வொரு வளைவிலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இதுவும் ஒரு மரியாதைதான், அல்லே?" என்று கேட்டுவந்தார்.

கல்லாற்றில் இறங்கியபோது நண்பகல் கடந்திருந்தது. இருபத்தொன்பது புளியோதரைப் பொட்டலங்களை நாற்பத்து நால்வர் பகிர்ந்துகொண்டதில் எனக்கு வாழையிலை கிடைத்தது. ஆற்றோரப் பாறையில் மாமனார் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்து அமர்ந்திருந்தார். பக்கத்தில் சின்னப் பத்மநாபன். நான்கு கால்களும் நீரில் இருந்தன. இருவர் கையிலும் ஐஸ்கிரீம். சர்க்கரை நோயை எண்ணி நான் வாய் திறக்குமுன் கல்யாணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவ்வாண்டுக்குப்பின் சங்கத்தில் எதையும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வரவில்லை. படிவம் இன்றும் அதே மென்பொருளில்தான், "தெருவில் உங்களை எப்படி அழைப்பார்கள்?" என்ற கேள்வியை மட்டும் லக்ஷ்மணன் சேர்த்திருக்கிறார். சின்னப் பத்மநாபன் பள்ளியில் ஓடச் சொல்லும்போதெல்லாம் தனக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை ஆகியிருப்பதாகச் சொல்லி அமர்ந்துவிடுகிறான். என் மாமனாரோ அன்றிலிருந்து வயதை ஆறிலிருந்தே எண்ணிவருகிறார்.

சென்ற மாதம் அவருக்குச் சதாபிஷேகம். எண்பது நிறைந்தவரிடம் விருந்தினர் வயதைக் கேட்க, எட்டு என்று பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கலசநீர் அவர் தலையில் விழுந்ததும் குளிரில் ஒருகணம் சிலிர்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கு நடுவில் என்னைத் தேடிப் பிடித்துச் சொன்னார்:

"மாப்பிள்ளை, பதிவு புதுப்பிக்கப்பட்டது."