மாட்டு வால் வழக்கு

"அவங்ககிட்ட ஒரு ஆதாரமும் இல்ல. நாம வாயைத் திறக்காம இருந்தாலே ஜெயிச்சுடுவோம்" என்றார் வக்கீல் டெர்லிண்டன் அம்மா.

விப்ரென் ஹூக்கெமா நெதர்லாந்தின் வடக்கே உள்ள ஃப்ரீஸ்லாந்துக்காரர். வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்குப் பிறவியிலேயே வரும். ஆனால் இந்த முறை முடியவில்லை. க்ராம்பெக் என்ற ஜெர்மன் கம்பெனி, மாட்டு வால் கவ்வியை முதலில் செய்தது தாங்கள்தான், இவர் காப்பியடித்தவர் என்று எழுதிக் கொடுத்திருந்தது.

பால் கறக்கும்போது மாடு வாலைச் சுழற்றி முகத்தில் அடிக்காமல் பிடித்துக்கொள்ளும் கவ்வி அது. பாதி மாடுகளை விற்று, பதினெட்டு ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே காப்புரிமை வாங்கியிருந்தார் விப்ரென். க்ராம்பெக் அதையே செய்து விற்றது. அந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான நீதிமன்றத்தின் ஹேக் கிளையில் வழக்குப் போட்டார். காப்புரிமையே செல்லாது என்று க்ராம்பெக் எதிர்வழக்குப் போட்டது.

"தோத்தா பதினெட்டு நாட்டுலயும் ஒரே நாள்ல போயிடும்" என்றார் வக்கீல்.

"நான்தான் முதல்ல செஞ்சேன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்."

"நான் வர்றேன் மச்சான்" என்றார் கோஸ்ஸெ. விப்ரெனின் தங்கை கணவர். கவ்வியைக் கொட்டகையில் பார்த்ததாக வக்கீலிடமும் சொன்னார். வக்கீல் அரைமனதாகச் சம்மதித்தார்.

விசாரணையன்று நீதிபதி கேட்டார்: "எப்போ பாத்தீங்க?"

"மே மாசம். இவர் விண்ணப்பம் போட்டது செப்டம்பர்ல."

விப்ரென் எதிர்த்தரப்பைப் பெருமையாகப் பார்த்தார்.

"எங்க பாத்தீங்க?"

"முதல்ல கொட்டகையில. அப்புறம் மாட்டுச் சந்தையில. ஊரே பாத்துச்சு. கை தட்டினாங்க."

டெர்லிண்டன் அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"என்ன ஆச்சு? நான்தான் முதல்னு நல்லாத்தானே சொன்னார்" என்று கிசுகிசுத்தார் விப்ரென்.

"விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி ஊருக்குக் காட்டிட்டா அது புதுசு இல்ல. காட்டினது நீங்களே ஆனாலும்தான். தயவுசெஞ்சு பேசாம உக்காருங்க."

விப்ரென் எழுந்து நின்றார். "சந்தையில காட்டினது வேற கவ்விங்க."

"என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் நீதிபதி.

விப்ரென் யோசித்தார். "அது நீலம். இது சிவப்பு."

நீதிபதி குறித்துக்கொண்டார். டெர்லிண்டன் அம்மா விப்ரெனின் கோட்டைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

"அதுவும் ரகசியமாத்தான் காட்டினேன்."

"சந்தையிலயா?"

"பாத்தவங்க எல்லாம் ஃப்ரீஸ்லாந்துக்காரங்க. வெளியில பேசமாட்டாங்க."

க்ராம்பெக்கின் வக்கீல் மெல்ல எழுந்தார். "ஒருத்தர் பேசிட்டாரே."

சில வாரங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. காப்புரிமை ரத்து, பதினெட்டு நாடுகளிலும். விப்ரென் அதை இரண்டு மொழிகளில் படித்தார். மொழி மாறியது; முடிவு மாறவில்லை.

ஹேக்கிலிருந்து ஊருக்குக் கோஸ்ஸெதான் காரில் கூட்டிவந்தார். கடலுக்கு நடுவே போகும் அணைச்சாலையில் கோஸ்ஸெ பேச்சை எடுத்தார்.

"உண்மையைத்தான் சொன்னேன் மச்சான்."

"தெரியும் மாப்பிள்ளை. உங்கமேல எனக்குக் கோபமே இல்ல. சொந்த வேலையை விட்டுட்டு எனக்காக வந்தீங்க. யார் வருவா?" விப்ரென் அவர் தோளைத் தட்டினார்.

கோஸ்ஸெ சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அப்போது போன் அடித்தது. அவர் கையை எடுப்பதற்குள், உதவியாக இருக்கட்டுமே என்று விப்ரெனே பொத்தானை அழுத்தினார். தங்கை ட்ரின்ட்ஷெயின் குரல் கார் முழுக்கக் கேட்டது.

"ஏங்க, அண்ணனோட பேட்டன்ட் நம்ம நாட்டுல மட்டும் போச்சா, பதினெட்டுலயும் போச்சா? நாம விக்கப்போற கவ்வியோட டப்பாவுல எத்தனை பாஷை போடணும்னு அச்சகத்துல கேக்கறாங்க."